காற்றைக் கூறு போட்ட கதை

கொழும்பை ஒட்டிய பேலியகொடை மீன் சந்தையில் விடியப்புறம் மூன்று, நான்கு மணிக்குப் பேச முடியாது, கத்தத்தான் முடியும். நீர்கொழும்பு, சிலாபம், கற்பிட்டி, மன்னார், திருகோணமலை என்று எல்லாக் கரையிலிருந்தும் லொறிகள் ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக வந்து நிற்கும். ஒரு பக்கம் அறுக்குளாவுக்கு விலை கூவுகிறார்கள். இன்னொரு பக்கம் பெட்டி இழுக்கிறவர் வழி விடச் சொல்லிக் கத்துகிறார். நடுவில் சில்லறை வியாபாரி ஒருவர் தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு மற்றக் காதைப் பொத்துகிறார். கொட்டாஞ்சேனையில் இருந்து களனிப் பாலம் தாண்டி இங்கே மீன் வாங்க வரும்போதெல்லாம் நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஒருவர் குரலை உயர்த்தினால் பக்கத்தில் நிற்பவரும் உயர்த்துவார். கால் மணி நேரத்தில் எல்லாருடைய தொண்டையும் கட்டிப்போகும். ஆனால் யாருடைய விலையும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டிருக்காது.

கம்பி இல்லாத கமராக்களுக்கும் இதே பிரச்சினைதான். ஒரே காற்றில் பல கமராக்கள் படம் அனுப்புகின்றன. ஒன்று சத்தமாக அனுப்பினால் மற்றதற்கு அது இரைச்சல். தொண்டைக்குப் பதிலாகப் பற்றரி தீர்கிறது. அந்தக் காற்றை எப்படிப் பங்கு போடுவது, எது நியாயமான பங்கு என்ற கேள்வி எங்கே பிறந்து எப்படி வளர்ந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

கையில் ஓர் உதாரணம் இருந்தால் கதை விளங்கும். பேலியகொடையிலேயே மூன்று கமராக்களை மனதில் நட்டுப் பாருங்கள். ஒன்று களனி கங்கைக் கரையில், நீர் மட்டத்தைப் பார்த்தபடி. இரண்டாவது மீன் சந்தை வாசலில். மூன்றாவது 2013 ஒக்டோபரில் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை தொடங்கும் இடத்தில். மூன்றும் பற்றரியில் ஓடுகின்றன. மூன்றும் ஒரே அலைவரிசையில் ஒரே நிலையத்துக்குப் படம் அனுப்ப வேண்டும். கங்கைக் கமராவின் படம் ஒரு மணி நேரம் பார்த்தாலும் மாறாது. அதே பழுப்புத் தண்ணீர், அதே மூங்கில் நிழல். சந்தை வாசலில் ஒரு நொடி கூட ஒன்றும் ஓய்ந்து நிற்காது. அதிவேகப் பாதையில் இரவு பத்து மணிக்கு ஒரு கதை, காலை ஏழு மணிக்கு வேறு கதை. இவற்றுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுப்பது எப்படி?

முதலில் யாரும் பிரிக்கவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ராம்சன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1971 ஜூனில் அலோஹா என்ற வலையமைப்பை ஓட்டத் தொடங்கினார்கள். தீவுகளுக்கு இடையில் கம்பி இழுப்பது சுலபமில்லை. அதனால் கணினிக்கு வானொலி அலையில் செய்தி அனுப்பினார்கள். விதி ஒன்றே ஒன்று: சொல்ல இருந்தால் சொல். பதில் வராவிட்டால் இன்னொருவர் செய்தியோடு மோதியிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொல். மீன் சந்தை விதிதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த முறையில் அலைவரிசையின் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். மிச்சம் மோதலிலும் வெறுமையிலும் போய்விடும். நேரத்தைச் சமமான துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டும் வாய் திறக்கலாம் என்று அடுத்த வருடம் லரி ரொபர்ட்ஸ் சொன்னபோது அது 36.8 சதவீதமானது. அப்போதும் யார் எந்தத் துண்டை எடுப்பது என்பதில் ஒழுங்கு கிடையாது.

ஒழுங்குக்கு ஒரு வழி, முறை வைத்து எடுப்பது. நம் கடற்கரைக்கு அது பழைய சங்கதி. பேலியகொடையிலிருந்து அதிவேகப் பாதையில் போனால் அரை மணி நேரத்தில் நீர்கொழும்புக் களப்பு வரும். அங்கே களப்பு வாயில், தண்ணீரில் தடி நட்டு வலை கட்டி, இரவு வற்றுநீரோடு கடலுக்குத் திரும்பும் இறாலைப் பிடிக்கிறார்கள். சிங்களத்தில் அதைக் கட்டுதெல் என்பார்கள். வலை கட்டக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான், எல்லா இடத்திலும் ஒரே அளவு இறாலும் படாது. அதனால் மீனவர் சங்கங்கள் நான்கு சேர்ந்து, யாருக்கு எந்த இரவு, எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைக்கின்றன. 1958 இல் அரசாங்கம் இதை ஒழுங்குவிதியாகவே எழுதி வைத்தது. நல்ல இடம் இன்றைக்கு உனக்கு என்றால் நாளைக்கு அது எனக்கு. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியிலும் இறாலுக்கு இதே மாதிரி முறை உண்டு. இரண்டு இடத்திலும் இதற்குப் பெயர் பாடு. கரைவலைப் பாடு என்று மன்னாரிலும் முல்லைத்தீவிலும் சொல்வதை நம் வாசகர்கள் கேட்டிருப்பார்கள். நேரத்தைத் துண்டு போட்டு ஒவ்வொரு கருவிக்கும் ஒரு துண்டை ஒதுக்கும் இன்றைய வானொலி முறையை விளக்க இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அதையும் பாடு என்றே சொல்லலாம்.

பாடு முறையில் ஒரு சிறப்பும் ஒரு குறையும் சேர்ந்தே இருக்கின்றன. மோதல் கிடையாது, ஒவ்வொருவருக்கும் தன் நாள் நிச்சயம். ஆனால் முறை வந்தவரிடம் அன்று வேலை இல்லையென்றால் அந்த இரவு வீண். கங்கைக் கமராவுக்குக் கொடுத்த துண்டில் அது அதே பழுப்புத் தண்ணீரை நூறாவது தடவை அனுப்பும். அந்த நேரத்தில் சந்தை வாசல் கமரா வாய் பொத்திக் காத்திருக்கும். இன்னொன்றும் உண்டு. நீர்கொழும்புப் பாடு முறையில் பங்கு கேட்க அந்தச் சங்கங்களில் பரம்பரை உரிமை வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்குள் மிக நியாயம். வெளியே நிற்பவருக்குச் சீட்டே கிடையாது. யாரை எண்ணிக்கையில் சேர்க்கிறோம் என்ற கேள்வி பங்கு பிரிப்பதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. இது கதையின் கடைசியில் திரும்ப வரும்.

நியாயம் என்ற சொல் வானொலி வலையமைப்புக்குள் எண்ணாக நுழைந்த இடம் என்று நான் நினைப்பது 1994 இல் வந்த ஓர் ஆய்வு. எழுதியவர்கள் நால்வர்; முதல் பெயர் வடுவூர் பார்கவன். தஞ்சைப் பக்கம் தெரிந்தவர்களுக்கு வடுவூர் என்ற பெயரைக் கண்டதும் ஏரியும் பறவைகளும் நினைவுக்கு வரும். மற்றவர்கள் அலன் டீமர்ஸ், ஸ்கொட் ஷெங்கர், லிக்சியா ஷாங். கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், ஓர் அறைக்குள் இரண்டு கையடக்கக் கருவிகள் ஒரே நிலையத்தோடு பேசினால் என்ன நடக்கிறது என்று அவர்கள் கணினியில் உருவகித்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்து விதி இது: மோதினால் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கு, வென்றால் மிகக் குறைந்த நேரத்துக்குத் திரும்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தடவை வென்றவர் கொஞ்சமே காத்திருப்பார், அதனால் மறுபடியும் அவரே வெல்வார். தோற்றவரின் காத்திருப்பு இரண்டு, நான்கு, எட்டு என்று ஏறிக்கொண்டே போகும். முடிவில் ஒரு கருவி நொடிக்கு 48.5 பொதிகள் அனுப்பியது. மற்றது பூச்சியம்.

பூச்சியம் என்ற அந்த எண்ணில்தான் என் கண் நிற்கிறது. எந்தக் கருவியும் கெட்டதில்லை, யாரும் ஏமாற்றவில்லை, எல்லாரும் ஒரே விதியைத்தான் பின்பற்றினார்கள். இருந்தும் ஒருவர் முழுதாக வாய் அடைபட்டுப் போனார். அவர்கள் செய்த திருத்தம் மிக எளியது. ஒவ்வொரு கருவியும் தான் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதைத் தன் பொதியிலேயே எழுதட்டும். அதைக் கேட்ட மற்றக் கருவியும் அதே அளவை எடுத்துக்கொள்ளட்டும். இப்போது வென்றவரும் தோற்றவரும் ஒரே அளவு காத்திருக்கிறார்கள். முடிவு: ஒன்றுக்கு 23.82, மற்றதற்கு 23.32. கூட்டிப் பாருங்கள், 47.14 வரும். முன்பு 48.5. நியாயத்துக்காக மொத்தத்தில் கொடுக்க வேண்டியிருந்த விலை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை.

நியாயத்தை அளக்கும் கோலும் அதற்கு முன்பே வந்திருந்தது. இந்தியாவில் பிறந்த ராஜ் ஜெயின், டா-மிங் சியூ, வில்லியம் ஹோ என்ற இருவரோடு சேர்ந்து 1984 இல் ஒரு சூத்திரம் சொன்னார். எல்லாருடைய பங்கையும் கூட்டி அதன் வர்க்கத்தை எடுங்கள். பிறகு ஒவ்வொரு பங்கின் வர்க்கத்தையும் கூட்டி, அதை ஆட்களின் தொகையால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் நியாயக் குறியீடு. எல்லாருக்கும் சமம் என்றால் 1. இரண்டு பேரில் ஒருவரே எல்லாவற்றையும் எடுத்தால் 0.5. பார்கவன் குழுவின் முதல் முடிவு சரியாக 0.5, திருத்திய பிறகு 1ஐத் தொட்டுவிடுகிறது.

இதெல்லாம் சமமான ஆட்களுக்கு. கமரா வந்ததும் கணக்கு மாறியது.

பலர் பங்கிடும் ஒன்றைப் பார்க்கவே கமரா வைத்த கதை ஒன்று கேம்பிரிட்ஜில் உண்டு. 1991 இல் ட்ரோஜன் அறை என்று பெயர் கொண்ட அறையின் வாசலில் ஒரு கோப்பிப் பானை இருந்தது. மேல் மாடியிலிருந்து படி இறங்கி வந்தவர்கள் வெறும் பானையைப் பார்த்துத் திரும்பினார்கள். குவென்டின் ஸ்டஃபோர்ட்-ஃபிரேசரும் போல் ஜார்டெட்ஸ்கியும் பானையின் முன்னால் ஒரு கமராவை வைத்துப் படத்தைக் கணினிகளுக்கு அனுப்பினார்கள். 128க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். அதற்குக் கம்பி இருந்தது; காற்றைப் பங்கு போடும் கவலை இருக்கவில்லை.

கவலை தொடங்கியது உணரிகள் சிறுத்தபோது. 1990களின் கடைசியில் பேர்க்லியில் கிறிஸ் பிஸ்டரும் கூட்டாளிகளும் தூசித் துகள் அளவுக்குக் கணினியைச் சுருக்கும் கனவைச் சொன்னார்கள். அதிலிருந்து தீப்பெட்டி அளவு கருவிகள் பிறந்தன. வெப்பம், ஈரம், அதிர்வு அளந்து இரண்டு பைட்டில் செய்தி அனுப்பின. அவற்றுக்கு மெல்லிய வானொலி போதுமாக இருந்தது. பிறகு ஒருவர் அதில் கண் பொருத்த ஆசைப்பட்டார். 2005 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் கிளையும் அஜிலென்ட் ஆய்வுகூடமும் சேர்ந்து சைக்ளோப்ஸ் என்ற சிறு கமராவைச் செய்தன. மொகம்மத் ரஹிமி முதலாசிரியர். டெபோரா எஸ்ட்ரின், மணி ஶ்ரீவஸ்தவா போன்றோர் கூட இருந்தார்கள். கைப்பேசிக்குச் செய்த கமராச் சில்லை அந்தச் சின்னக் கருவியோடு இணைத்தார்கள். அதே ஆண்டு மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சென்ஸ்ஐ என்ற கமரா வலையமைப்பு வந்தது. சிறிய கமரா விழித்திருக்கும். ஏதாவது அசைந்தால் பெரிய கமராவைத் தட்டி எழுப்பும். பெரியது பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். காவலாளியை வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்காரர் உறங்குவது மாதிரி.

கண் பொருத்தியதும் எவ்வளவு பாரம் ஏறியது என்று பாருங்கள். 320க்கு 240 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுங்கள். இன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்காத சின்னப் படம். புள்ளிக்கு 8 பிட் என்றால் மொத்தம் 6,14,400 பிட். வெப்பமானி ஒரு தடவை சொல்வது 16 பிட். ஒரே ஒரு படத்துக்குள் 38,400 தடவை வெப்பம் சொல்லிவிடலாம். இந்தக் கருவிகள் பேசும் வானொலியின் பொது அளவுகோல், 2003 இல் வகுத்தது, நொடிக்கு 250 கிலோபிட். காற்று முழுதையும் ஒரு கமராவுக்கே கொடுத்தாலும் அந்தச் சின்னப் படம் போய்ச் சேர இரண்டரை நொடி எடுக்கும்.

அதனால் படத்தைச் சுருக்கினார்கள். சுருக்கியதும் சமத்துவம் உடைந்தது. கதையின் முக்கியத் திருப்பம் என்று நான் கருதுவது இதைத்தான். அசையும் படத்தைச் சுருக்கும் முறைகளில் பெரும்பாலானவை ஓர் அடிப்படையில் நிற்கின்றன: போன படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்பு. கங்கைக் கமராவில் மாறியது ஒன்றுமில்லை. கொஞ்சம் பிட்டிலேயே தெளிவான படம். சந்தை வாசலில் எல்லாமே மாறிக்கொண்டிருக்கிறது. அதே அளவு பிட்டைக் கொடுத்தால் லொறியின் இலக்கத்தகடு கட்டம் கட்டமாகக் கலைந்துபோகும். ஒரே அளவு பங்கு, ஒருவருக்குக் கண்ணாடித் தெளிவு, இன்னொருவருக்குக் கலங்கல். ஜெயினின் குறியீட்டைப் பிட்டில் போட்டால் 1 வரும். படத்தின் தரத்தில் போட்டால் வராது.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் பங்கு இறைச்சி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். சில வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்குவார்கள். அடித்து உரித்த பிறகு ஓலையிலோ வாழையிலையிலோ கூறு வைப்பார்கள். எடையைப் பார்த்து நிறுத்திவிட மாட்டார்கள். ஒவ்வொரு கூறிலும் ஈரலில் ஒரு துண்டு இருக்க வேண்டும், எலும்பில் ஒன்று, கொழுப்பில் கொஞ்சம், நல்ல சதையில் கொஞ்சம். ஒரு கூறில் ஈரல் குறைந்தால் இன்னொன்றிலிருந்து கிள்ளி எடுத்து வைப்பார்கள். எந்தக் கூறை யார் எடுத்தாலும் மனம் கோணக் கூடாது. மிக அழகான நியாயம் இது. அது அமைவதற்குக் காரணம், எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிக் கறிதான் வைக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கை. ஒரு வீட்டில் இரண்டு பேர், அடுத்த வீட்டில் பன்னிரண்டு பேர் என்றால்? கமராக்கள் அந்த மாதிரி வீடுகள்.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். கங்கைக் கமராவையும் சந்தைக் கமராவையும் மட்டும் எடுப்போம். எண்கள் என்னுடையவை; விளக்கத்துக்காக மட்டும். காற்றில் பத்துக் கூறு நேரம் இருக்கிறது. ஒரு கூறு நேரத்தில் கங்கைக் கமரா 4 புள்ளி தரம் சம்பாதிக்கும். சந்தைக் கமராவுக்கு அதே நேரத்தில் 1 புள்ளிதான் வரும். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர் பத்துக் கூறையும் கங்கைக்கே கொடுப்பார்: 40 புள்ளி. சந்தை குருடாகிவிடும். தரம் சமமாக வேண்டும் என்பவர் சந்தைக்கு 8 கூறும் கங்கைக்கு 2 கூறும் கொடுப்பார்; இருவருக்கும் 8 புள்ளி. மொத்தம் 16. கங்கையிடமிருந்த அருமையான படத்தைக் கெடுத்துத்தான் இந்தச் சமத்துவம் வந்தது. ஒருவர் திறமையைக் கும்பிடுகிறார், மற்றவர் சமத்துவத்தைக் கும்பிடுகிறார். இருவருக்கும் நடுவே வேறு வழி இல்லையா?

அந்த வழி 1950க்கு முன்பே பிறந்திருந்தது, கமராவோ வலையமைப்போ நினைவிலேயே இல்லாத ஓர் இளைஞனின் தலையில். ஜோன் நாஷ் பட்டப்படிப்பு மாணவராகப் பிட்ஸ்பர்க்கில் சர்வதேசப் பொருளியல் பாடம் ஒன்றைக் கேட்டபோது எழுந்த யோசனை. பின்னால் 1950 இல் எக்கனோமெட்ரிகா இதழில் பேரம் பற்றிய கட்டுரையாக வந்தது. இரண்டு பேர் பேரம் பேசுகிறார்கள். பேச்சு முறிந்தால் இருவருக்கும் கையில் என்ன மிஞ்சும் என்பதை முதலில் குறித்துக்கொள். உடன்பாட்டால் ஒவ்வொருவருக்கும் அதற்கு மேல் எவ்வளவு கிடைக்கிறது என்று பார். அந்த இரண்டு ஆதாயத்தையும் கூட்டாதே, பெருக்கு. பெருக்குத்தொகை எங்கே அதிகமோ அங்கே நிறுத்து.

பெருக்குவதில்தான் முழுச் சூட்சுமமும். ஒருவரின் ஆதாயம் பூச்சியமானால் மற்றவர் எவ்வளவு பெற்றாலும் பெருக்கல் பூச்சியம்தான். நம் உதாரணத்தில் எல்லாவற்றையும் கங்கைக்குக் கொடுத்தால் 40 ஐப் பூச்சியத்தால் பெருக்க வேண்டும்: பூச்சியம். இருவருக்கும் 8 என்றால் 64. ஆளுக்கு ஐந்து கூறு கொடுத்தால் 5 ஐ 20 ஆல் பெருக்கி 100. இதற்கு மேல் வராது. நேரம் பாதி பாதி. சந்தைக்கு 5 புள்ளி, கங்கைக்கு 20. பார்கவனின் அறையில் நடந்த அந்தப் பூச்சியத்தை இந்தப் பெருக்கல் ஒருபோதும் அனுமதிக்காது. அதனால்தான் எனக்கு இது பிடிக்கிறது.

ஆனால் பேச்சு முறிந்தால் என்ன மிஞ்சும் என்ற முதல் வரியைக் கவனியுங்கள். பேச்சு முறிந்து அவரவர் கத்தத் தொடங்கினால் சந்தைக் கமராவுக்கு 4 புள்ளி கிடைக்கும், கங்கைக்கு ஒன்றும் கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். அதே பெருக்கலை மறுபடி போட்டால் சந்தைக்கு 7 கூறும் கங்கைக்கு 3 கூறும் வரும். தனியாக நின்றாலும் பிழைக்கக்கூடியவனுக்குப் பெரிய பங்கு. நாஷின் நியாயம் பலத்தை மதிக்கிறது. 1975 இல் எஹூட் கலாயும் மெயிர் ஸ்மோரொடின்ஸ்கியும் வேறு ஒரு குறையைச் சுட்டினார்கள்: கிடைக்கக்கூடிய வாய்ப்பு பெருகும்போது சிலவேளை ஒருவருடைய பங்கு நாஷின் முறையில் குறைந்துவிடுகிறது. அவர்கள் சொன்ன மாற்று, ஒவ்வொருவரும் அதிகபட்சம் எதைப் பெற முடியுமோ அதில் ஒரே விகிதத்தை எல்லாருக்கும் கொடுப்பது.

இந்தப் பொருளியல் வலையமைப்புக்குள் வந்த பாதை கேம்பிரிட்ஜ் வழியாகத்தான். 1998 இல் ஃபிராங்க் கெலி, அமன் மவுலூ, டேவிட் டான் மூவரும் விகிதாசார நியாயம் என்பதை வலையமைப்புக்கு எழுதினார்கள். மடக்கைகளின் கூட்டலை உச்சமாக்குவது அது. மடக்கைகளைக் கூட்டுவதும் எண்களைப் பெருக்குவதும் ஒன்றே. ஆகவே பேச்சு முறிந்தால் பூச்சியம் என்று வைத்தால் அது நாஷின் பேரமேதான். கைப்பேசிக் கோபுரங்கள் பல பாவனையாளருக்கு நேரம் பிரிக்கும் முறைகள் இந்த எண்ணத்தின் பிள்ளைகள். பேலியகொடைச் சந்தையில் காதைப் பொத்திக்கொண்டு பேசும் அந்தச் சில்லறை வியாபாரியின் தொலைபேசிக்கும் இந்தக் கணக்கில் ஒரு பங்கு இருக்கலாம்.

கமராக்களுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் எலிசபெத் பென்ட்லி, லிசிமாகோஸ் கோண்டி ஆகியோரைச் சொல்ல வேண்டும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய வேலை; பின்னால் கிரேக்கத்தில் யொவானினாப் பல்கலைக்கழகத்தில் கத்தெரினா பந்திரமெனூவும் கொன்ஸ்தாந்தினோஸ் பர்சோபூலோஸும் சேர்ந்தார்கள். அவர்கள் எடுத்த அமைப்பில் எல்லாக் கமராக்களும் ஒரே நேரத்தில் ஒரே அலையில் பேசும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் குறிமுறை. சந்தையில் ஒருவர் சிங்களத்திலும் மற்றவர் தமிழிலும் ஒரே நேரத்தில் பேசினால், தமிழ் கேட்கக் காத்திருப்பவர் தமிழைப் பிரித்தெடுத்துவிடுவார். சிங்களம் அவருக்குப் பின்னணி இரைச்சல். இரைச்சல் எல்லை மீறினால் எதுவும் பிடிபடாது. ஒவ்வொரு கமராவிடமும் திருப்பக்கூடிய திருகுகள் மூன்று இருந்தன. படத்தை எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது, வழியில் பிழை வந்தால் திருத்துவதற்கு எவ்வளவு மேலதிகப் பிட் சேர்ப்பது, எவ்வளவு பலமாக அனுப்புவது. ஒன்றைத் திருப்பினால் மற்றக் கமராக்கள் எல்லாம் பாதிக்கப்படும். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தவை நாம் மேலே பார்த்தவைதான்: எல்லாப் படத்தின் சராசரிச் சிதைவைக் குறைப்பது, மிக மோசமான படத்தைக் காப்பாற்றுவது, நாஷின் பேரம், கலாய்-ஸ்மோரொடின்ஸ்கியின் பேரம். சராசரியைக் குறைக்கப் போனால் அந்தச் சராசரிக்குள் ஒருவர் மூழ்கிப்போகலாம். மோசமானதைக் காப்பாற்றப் போனால் எல்லாரையும் அதன் மட்டத்துக்கு இழுக்க நேரிடும். பேரம் நடுவில் நிற்கிறது.

அந்த ஆய்வுகளில் என்னை நிறுத்திய இடங்கள் இரண்டு. முதலாவது, பேச்சு முறிந்தால் மிஞ்சுவது என்ற அந்த எண். கமராவுக்குப் பேச்சும் கிடையாது, முறிவும் கிடையாது. அதனால் இதற்குக் கீழே படம் போகக் கூடாது என்ற ஒரு குறைந்தபட்சத் தரத்தை அமைப்பை வடிவமைப்பவரே எழுதி வைக்கிறார். மேலே எத்தனை கணிதம் ஓடினாலும் அந்த எண் ஒரு மனிதரின் தீர்ப்பு. கங்கைக்கு எவ்வளவு, சந்தைக்கு எவ்வளவு என்பதில் பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

இரண்டாவது, பேரத்தில் யார் அமர்வது. அவர்கள் கமராக்களை அசைவு கூடியவை, அசைவு குறைந்தவை என்று வகுப்பாகப் பிரித்தார்கள். இப்போது ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே பேரபலமா, அல்லது எத்தனை கமரா இருக்கிறதோ அந்த விகிதத்திலா? இருபது அமைதியான கமராக்களும் இரண்டு பரபரப்பான கமராக்களும் இருந்தால், முதல் முறையில் இரண்டும் இருபதும் சமமாக அமரும். இரண்டாம் முறையில் தலைக்கு ஒரு குரல். இலங்கையில் இதைப் படிக்கிறவருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. தமிழ்த் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம், சிங்களவருக்குப் பாதி இடம், சிறுபான்மையினருக்குப் பாதி இடம், ஐம்பதுக்கு ஐம்பது என்று சோல்பரி ஆணைக்குழுவின் முன்னால் வாதாடியது வகுப்புக்குச் சமபலம் கேட்டுத்தான். அது கிடைக்கவில்லை. எந்தப் பக்கம் சரி என்று கணிதம் சொல்லாது. இரண்டையும் அதே சூத்திரத்துக்குள் போடலாம். இரண்டுக்கும் அது விடை தரும். கமராக்கள் விஷயத்தில் என் எண்ணத்தைக் கேட்டால் நான் வகுப்பின் பக்கம்தான். அமைதியான இடத்தைப் பார்க்க இன்னும் பத்துக் கமரா நட்டதற்காகச் சந்தை வாசலின் படம் மங்கக் கூடாது.

நம் ஊரிலும் இந்தத் துறையில் வேலை நடந்தது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் கசுன் த சொய்சா, சமத் கெப்பிட்டியாகம முதலானோர் 2007 இல் பஸ்நெட் என்ற ஒன்றைச் சொன்னார்கள். வீதியில் எங்கே குழி, எங்கே மேடு என்பதை அறிய பொதுப் போக்குவரத்து பஸ்களில் உணரி பொருத்துவது. தகவலைக் காற்றில் தொலைதூரம் அனுப்பிப் பற்றரியையும் அலைவரிசையையும் கரைப்பதை விட, பஸ் எப்படியும் போகிற இடத்துக்குப் போகத்தான் போகிறது, அதுவே சுமந்துபோய் நிலையத்தில் இறக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். காற்றைப் பங்கு போடுவதற்குப் பதில், காற்றிலே சுமக்க வேண்டியதைக் குறைத்த இந்த யோசனை எனக்கு மிகவும் நெருக்கமானது. வீதி மேடு பள்ளம் பின்னேரம் வரை பொறுக்கும். படம் பொறுக்காதபோதுதான் பேரம் தேவை.

படம் எப்போது பொறுக்காது? பேலியகொடைக்கு எதிர்க்கரையில், நாகலகம் வீதியில், களனி கங்கையின் உயரத்தை அடிக் கணக்கில் காட்டும் நீர்மானி இருக்கிறது. மழைக்காலத்தில் வானொலிச் செய்தியில் அந்த வீதியின் பெயர் வந்தால் வெள்ளம் பற்றி யோசிக்கத் தொடங்குவோம். 1989 ஜூனில் யோசித்தார்கள். 2016 மேயில் யோசித்தோம். கொலன்னாவைப் பக்கம் தண்ணீர் கூரையைத் தொட்டது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இந்தக் கங்கையைப் பார்க்கும் கமரா, நம் கணக்கில் அமைதியான வகுப்பு. அதற்குக் கொஞ்சம் பிட் போதும். பெருமழை பெய்த அன்று இரவு, மேலே அவிசாவளையிலிருந்து கலங்கல் நீர் மரக்கிளைகளையும் இழுத்துக்கொண்டு இறங்கும்போது, அதே கமராவில் ஒவ்வொரு நொடியும் படம் மாறத் தொடங்கும். நீர்மானியின் எந்தக் கோடு வரை தண்ணீர் என்பது இருட்டில் தெளிவாகத் தெரிய வேண்டும். சந்தை வாசலில் லொறிகள் வராமல் நின்றிருக்கும். அங்கே இப்போது அமைதி. யார் எந்த வகுப்பு என்று நேற்று எழுதிய பட்டியல் அந்த இரவுக்குப் பொருந்தாது. பேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், காலையில் அல்ல, அடுத்த நொடியில்.